வெள்ளைக்கார டீச்சரும் பதினைந்து கையெழுத்தும்

2014-ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை மதியம். அலுவலகத்தைப் பூட்டப் போகும் நேரத்தில் ஓர் அக்கா வந்தார். தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து, சீருடையோடு நேராக வந்திருந்தார். மகளின் அடையாளக் கார்டு விஷயமாகத்தான் வந்தார். அது பத்து நிமிடத்தில் முடிந்தது. போகும்போது கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். மகள் நடுவில் நிற்கிறாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார இளம்பெண், பஞ்சாபி சூட் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்துச் சிரிக்கிறாள்.

“எங்க பிள்ளை ஸ்கூலுக்கு அமெரிக்கா டீச்சர் வந்திருக்கு தம்பி. தீபாவளிக்கு வீட்டுக்கே வந்து முறுக்கு சாப்பிட்டுச்சு.”

நல்லதுக்கா என்றேன். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்.

“தமிழ் கிளாஸ்தான் இந்த வருஷம் இல்லைன்னுட்டாங்க. டீச்சர் கிடைக்கலையாம்.”

குறை சொல்லும் தொனியே இல்லை. மழை வரவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது போலச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாட்டிலிருந்து ஒரு டீச்சரைக் கொண்டுவர முடிகிறது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு தமிழ் டீச்சரைக் கொண்டுவர முடியவில்லை!

பெற்றோர்களே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆங்கிலத்துக்கு எதிரி இல்லை. நான் சாப்பிடும் சோற்றில் பாதி ஆங்கிலத்தால் வந்தது. உங்கள் பிள்ளை ஆங்கிலம் படிக்க வேண்டும், நன்றாகப் படிக்க வேண்டும், உயர்நீதிமன்றத்தில் நின்று வாதாடும் அளவுக்குப் படிக்க வேண்டும். நான் கேட்பது வேறு. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதைப் “பண்பாட்டுப் பரிமாற்றம்” என்கிறார்களே, அந்தச் சொல்லைத்தான் குறுக்கு விசாரணை செய்யப் போகிறேன்.

பரிமாற்றம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கல்யாணங்களில் மொய் நோட்டு இருக்கிறது. இன்னார் வீட்டிலிருந்து இவ்வளவு என்று எழுதி வைக்கிறோம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்து, குறையாமல் செய்கிறோம். கொடுத்ததும் இருக்கும், வாங்கியதும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய மொய் நோட்டை எந்த வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

அந்தப் படத்தில் இருந்த பெண் ஃபுல்பிரைட் ஆங்கிலத் துணையாசிரியர் திட்டத்தில் வந்தவர். இந்தத் திட்டம் 2006-இல் திரெங்கானுவில் சிறிய அளவில் தொடங்கியது. 2010 ஏப்ரலில் நஜிப் வாஷிங்டன் போய் ஒபாமாவைச் சந்தித்தபோது, ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆட்களை அனுப்பும்படி கேட்டார். 2012-இல் 50 பேராகப் பல மாநிலங்களுக்கு விரிந்து, சில ஆண்டுகளில் நூறைத் தொட்டது. வருகிறவர்கள் கல்லூரி முடித்த கையோடு வரும் இளைஞர்கள். ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம் இருந்தால் போதும், ஆசிரியர் பயிற்சி கட்டாயம் இல்லை. புறநகர், கிராமப்புற இடைநிலைப்பள்ளிகளில் சுமார் பத்து மாதம் இருந்துவிட்டுப் போவார்கள். செலவை அமெரிக்க அரசாங்கமும் நம் அரசாங்கமும் பகிர்ந்துகொண்டன.

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டுக்கு நாமும் பாதி விலை கொடுத்திருக்கிறோம். பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்.

முதல் பல், இந்தப் பெயரே. ஃபுல்பிரைட் என்பவர் ஆர்கன்சாஸ் மாநிலத்து செனட்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெளிநாடுகளில் அமெரிக்க ராணுவத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்து கிடந்தன. அவற்றை அந்தந்த நாடுகளுக்கு விற்று, அந்தக் காசில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடு விட்டு நாடு அனுப்பலாம் என்று அவர் கொண்டுவந்த சட்டம் 1946-இல் நிறைவேறியது. நல்ல யோசனை, மறுக்கவில்லை. போர்ச் சாமானை விற்றுப் புத்தகம் வாங்குவதில் என்ன தப்பு? ஆனால் அதே செனட்டர் 1956-இல் இன்னொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பு சொன்னதல்லவா? அதை எதிர்த்துத் தெற்கு மாநிலத்து அரசியல்வாதிகள் வெளியிட்ட அறிக்கை அது. 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தபோதும் அதை எதிர்த்து நின்றவர்களில் அவர் ஒருவர்.

உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று பாடுபட்ட மனிதருக்கு, தன் சொந்த ஊரில் இரண்டு நிறத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருவது பொறுக்கவில்லை. இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. தூரத்து ஊர்க்காரனோடு கைகுலுக்குவது சுலபம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு உரிமை கொடுப்பதுதான் கஷ்டம். நம் நாட்டுக் கல்வி அமைச்சுக்கும் இந்த வியாதி உண்டு.

அமெரிக்கர்கள் இங்கே ஆங்கிலம் கற்பிக்க வந்தது இது முதல் தடவையும் அல்ல. 1962 தொடங்கி 1983 வரை அமைதிப் படை என்ற பெயரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த நாட்டில் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடங்களில், மருத்துவமனைகளில், நிலத் திட்டங்களில். என் பெரியப்பாவுக்கு அப்படி ஒருவர் கணக்கு சொல்லிக் கொடுத்தாராம். சைக்கிளில் வருவார், கையால் சாப்பிடுவார் என்று சாகும் வரை பேசிக்கொண்டிருந்தார். பாசம் உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் இங்கே பட்டதாரி ஆசிரியர்கள் போதவில்லை, அதனால் வந்தார்கள். ஆள் இல்லாத இடத்தை நிரப்பினார்கள், ஆள் கிடைத்ததும் போனார்கள். அதற்கு நியாயம் இருந்தது.

இன்னும் பின்னால் போங்கள். இந்த மண்ணில் ஆங்கிலம் கற்பித்தது யார்? மிஷன் பள்ளிகளிலும் அரசாங்க ஆங்கிலப் பள்ளிகளிலும் நின்றவர்களில் ஏராளமானோர் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த வாத்தியார்கள்! மலாய்க்காரப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் அவர்களிடம்தான் ஆங்கில இலக்கணம் படித்தார்கள். பிறகு 1952 முதல் பத்தாண்டுகள் இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் பக்கத்தில் கிர்க்பி என்ற இடத்தில், மலாயாவுக்காகவே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடந்தது. மூன்று இனத்து இளைஞர்களும் அங்கே போய்ப் படித்துத் திரும்பி இங்கே ஆங்கிலம் கற்பித்தார்கள். சுதந்திரம் எந்தத் தேதி என்று துங்கு 1956-இல் அந்தக் கல்லூரியில் வைத்துத்தான் மாணவர்களிடம் சொன்னார். அந்தத் தலைமுறை பேசிய ஆங்கிலத்தை இன்றைக்கும் பெரியவர்கள் பெருமூச்சோடு நினைவுகூர்கிறார்கள். அதில் பெரும்பகுதியைச் சொல்லிக் கொடுத்தவர்கள் பிறப்பால் ஆங்கிலேயர் இல்லை. ஆங்கிலம் கற்பிக்க வெள்ளைத் தோல் தேவை இல்லை என்பதற்கு இந்த நாடே சாட்சி.

ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் எட்டியதா? இதைத்தான் நாம் மறந்துவிட்டோம். இந்த நாட்டில் முதல் தமிழ் வகுப்பு 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது. ஓர் ஆங்கிலப் பள்ளிக்குள் தமிழ் வகுப்பு! அப்போது இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தன. ரப்பர் வந்தது, தோட்டம் வந்தது, லயன் வீடு வந்தது. தோட்ட முதலாளிகள் பள்ளி வைக்க வேண்டும் என்று சட்டமும் வந்தது. வைத்தார்கள். கொட்டகை ஒன்று. கங்காணியோ கிராணியோ வாத்தியார். அங்கே ஆங்கிலம் கிடையாது. ஏன்? ஆங்கிலம் படித்த பையன் நாளைக்குப் பால் வெட்ட வரமாட்டான். டவுனுக்குப் போய்க் கிளார்க் வேலை கேட்பான். துரைமார்களுக்கு இது நன்றாகவே தெரியும். நமக்கு ஆங்கிலம் மறந்துபோய் விடுபட்டதல்ல, கணக்குப் போட்டுப் பூட்டி வைக்கப்பட்டது.

பூட்டி வைத்தவனின் மொழியை இன்று அதே மொழிக்காரன் அன்பளிப்பாகக் கொண்டுவருகிறான். வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்காதீர்கள். பழைய பாக்கியில் ஒரு பகுதி என்று எண்ணி வாங்குங்கள். (அமெரிக்கன் வேறு, ஆங்கிலேயன் வேறு என்று சொல்லப் போகிறவர்களுக்கு: தெரியும். நம் தோட்டங்களின் ரப்பர் எந்த நாட்டுக் கார்களுக்கு டயராகப் போனது என்பதையும் கொஞ்சம் படியுங்கள்.)

இப்போது நம் அரசாங்கத்துக்கு வருகிறேன். உள்ளூர் ஆங்கில ஆசிரியரை அமைச்சு எப்படி நடத்தியது? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அடிப்படைப் படிப்பு ஓர் ஆண்டு, பட்டப்படிப்பு நான்கு ஆண்டு என்று படித்து வந்தவரைக் கூட்டி வைத்து, 2012-இல் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதச் சொன்னது. எழுதியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தேவையான தரத்தில் இல்லை என்று தன் கல்வி மேம்பாட்டுத் திட்டத்திலேயே அச்சடித்து ஊருக்குச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, 2011-இல், பல மில்லியன் ரிங்கிட் செலவில் 360 “தாய்மொழிப் பேச்சாளர்களை” வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, நம் ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களுக்கு வழிகாட்டிகளாக வைத்தது. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, 2009-இல் கைவிடுவதாக அறிவித்து, 2016-இல் இருமொழித் திட்டம் என்று வேறு வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்ததும் இதே அமைச்சுதான். ஆசிரியர் எப்படித் தேறுவார்? இரண்டு வருஷத்துக்கு ஒரு கொள்கை! சமையல்காரனுக்கு அடுப்பை மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு, சாம்பார் சரியில்லை, வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவா என்கிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞன் எதிர்த்தரப்பின் நல்ல சாட்சியை மறைக்கக் கூடாது. அந்த அக்காவின் மகளை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தேன். படிவம் இரண்டு, கடைசி வகுப்பு. “அந்த டீச்சர்கிட்ட மட்டும் நான் இங்கிலீஷ்ல பேசுவேன் அங்கிள்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “தப்பாப் பேசினா சிரிக்க மாட்டாங்க. பரீட்சை வைக்க மாட்டாங்க. பாட்டுப் போட்டு வெளையாடுவாங்க.” உள்ளூர் டீச்சர்? “அவங்க பாவம் அங்கிள், எப்பவும் ஏதாவது எழுதிக்கிட்டே இருப்பாங்க.”

அந்தப் பிள்ளை சொன்னதில் எல்லாம் இருக்கிறது. வாயைத் திறக்காத பிள்ளை திறந்தாள் என்பது உண்மை. அதற்கு நன்றி. ஆனால் திறக்க வைத்தது டீச்சரின் பாஸ்போர்ட்டா? இல்லை! அவருக்குப் பாடத்திட்டத்தை முடிக்கும் கட்டாயம் இல்லை, எஸ்பிஎம் தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டியதில்லை, கணினியில் ஏற்ற வேண்டிய கோப்புகள் இல்லை, மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து யாரும் வந்து கேள்வி கேட்பதில்லை. அந்தச் சுதந்திரத்தில் பாதியை நம் உள்ளூர் ஆசிரியைக்குக் கொடுத்துப் பாருங்கள். அவரும் பாட்டுப் போடுவார். அதிலும் அவருக்கு இந்தப் பிள்ளையின் லயன் தெரியும், அப்பன் குடி தெரியும், காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். பத்து மாதத்தில் விமானம் ஏறவும் மாட்டார்.

2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது ஃபுல்பிரைட் உலகம் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது, ஆட்களை வீட்டுக்குத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் போனது சரி, பெற்றவர்கள் அங்கே தவித்திருப்பார்கள். ஆனால் பிள்ளைகளிடம் கைப்பேசி இல்லை, டேட்டா இல்லை என்று தெரிந்து வீடு வீடாகப் பயிற்சித் தாள் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? நம் ஆசிரியர்கள். 2025 ஜூனில் ஃபுல்பிரைட் வாரியத்தில் இருந்தவர்களில் ஒருவர் தவிர எல்லாரும் பதவி விலகினார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களை டிரம்ப் அரசாங்கம் தலையிட்டு நீக்குகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். வாஷிங்டனில் காற்று மாறினால் கிராமத்துப் பள்ளி வரைக்கும் ஆடும். அடுத்தவன் வீட்டு ஜெனரேட்டரை நம்பி நம் வீட்டு லைட்டைக் கழற்றி வைக்கக் கூடாது.

சரி, பரிமாற்றம்தானே? மறுபக்கத்தைப் பார்ப்போம். நம் ஆள் வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பிக்க முடியுமா?

சொந்தக் கதை ஒன்று. 2005-இல் நான் சட்டப் பட்டம் முடித்து, வக்கீல் தொழில் தேர்வுக்குக் கட்டணம் கட்டக் காசில்லாமல் இருந்தேன். அப்பா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். தென்கொரியாவில் ஒரு வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தால் நல்ல சம்பளம், தங்க வீடு, விமான டிக்கெட் என்று விளம்பரம் பார்த்தேன். சட்டம் முழுவதையும் ஆங்கிலத்தில் படித்தவன்தானே என்று விண்ணப்பித்தேன். முகவர் முதலில் கேட்டது சான்றிதழ் அல்ல, புகைப்படம்! அனுப்பினேன். பிறகு பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்டார். மலேசியா என்றேன். அதோடு கதை முடிந்தது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அந்த நாட்டு விசா விதி. தனியார் வகுப்புகளிலும் பள்ளிகளிலும் ஆங்கிலம் கற்பிக்கும் அந்த விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு என்று வைத்திருந்தார்கள்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. நீங்கள் என்ன படித்தீர்கள், எப்படிப் பேசுகிறீர்கள் என்பது பிறகு. எந்த நாட்டு வயிற்றில் பிறந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நமக்கு இது புதிய கேள்வியா? பிறப்பை வைத்துக் கதவைத் திறப்பதும் மூடுவதும் எப்படி இருக்கும் என்று மலேசியத் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டுமா?

அந்த ஏழு நாட்டுக்காரர்களுக்கும் அங்கே முழு மரியாதை கிடைக்கவில்லை என்பது வேறு கதை. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் எய்ட்ஸ் கிருமிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று கொரியா விதி வைத்தது. அதே வேலை செய்யும் கொரியர்களுக்கும், கொரிய வம்சாவளி வெளிநாட்டவர்க்கும் அது இல்லை. நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுபடியும் பரிசோதனைக்கு உட்பட முடியாது என்றார், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவிடம் போனார். 2015-இல் குழு அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது: இது இனப்பாகுபாடு. 2017-இல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. தனி ஒரு டீச்சர், ஓர் அரசாங்கம்! எப்படி முடிந்தது? கொரியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது, தனிநபர் புகார் செய்யவும் வழி திறந்து வைத்திருந்தது.

அந்த ஒப்பந்தத்தின் பெயர் ஐசெர்ட். நினைவிருக்கிறதா? 2018 நவம்பரில் நம் அரசாங்கம் அதை ஏற்கப் போவதில்லை என்று பின்வாங்கியது. டிசம்பர் 8-ஆம் தேதி கோலாலம்பூரில் அதை எதிர்த்துப் பேரணியும் நடந்தது. அன்று பல நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள், அந்தக் காகிதத்தால் நமக்கு என்ன லாபம் என்று. இதோ, ஒரு டீச்சருக்குக் கிடைத்த லாபம் இது. நாளைக்கு நம் பிள்ளைக்கு அநியாயம் நடந்தால், ஜெனிவாவில் தட்டுவதற்கு அந்தக் கதவு நமக்கு இல்லை.

ஜப்பானையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1987-இல் தொடங்கிய அவர்களுடைய ஜெட் திட்டமும் வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளில் கொண்டுவந்து வைப்பதுதான். ஆனால் வருகிறவர் துணை, ஜப்பானிய ஆசிரியர்தான் வகுப்புக்குப் பொறுப்பு. செலவு ஜப்பானுடையது, நோக்கமும் ஜப்பானுடையது, தங்கள் ஊரையும் பண்பாட்டையும் உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது. வந்து போனவர்களில் பலர் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டு போனார்கள். நம் நாட்டுக்கு வந்த பிள்ளைகள் நாசி லெமாக் சாப்பிட்டார்கள், பாத்தேக் கட்டினார்கள், கொஞ்சம் மலாய் பேசினார்கள். தமிழ்? வணக்கம், நன்றி, நல்லா இருக்கு. அதோடு சரி. அவர்கள் தப்பில்லை. கற்றுக்கொள்ளும்படி யார் கேட்டார்கள்? பள்ளியிலேயே தமிழ் டீச்சர் இல்லாதபோது அந்தப் பெண் யாரிடம் கற்பாள்?

தமிழ் அந்தப் பக்கம் போன கதையும் ஒன்று உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் வேண்டும் என்றார்கள். உலகம் முழுவதும் தமிழர்கள் உண்டியல் குலுக்கினோம், 2018-இல் தொகை சேர்ந்தது. எனக்குப் பெருமைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர்கள் மொழி இங்கே வரும்போதும் நம் வரிப்பணம் போகிறது, நம் மொழி அங்கே போகும்போதும் நம் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. மொய் நோட்டில் இரண்டு பக்கமும் நாமே எழுதுகிறோம், ஐயா!

இனி அந்தத் தமிழ் வகுப்புக்கு வருவோம். டீச்சர் கிடைக்கலையாம் என்றார்களே, சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழி என்கிறது. அதே பிரிவு, வேறு எந்த மொழியையும் கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அது கவசம். கையில் பிடிக்கும் ஆயுதம் 1996 கல்விச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் இருக்கிறது. தேசியப் பள்ளி என்றால் என்ன, தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று விளக்கம் கொடுக்கும் இடத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்து கொடுத்தாக வேண்டும்.

கவனியுங்கள். செய்யலாம் என்று இல்லை, செய்தாக வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் தொழிலில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு வழக்கே ஓடும். அதே பிரிவில் அரபு, ஜப்பான், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு, நியாயமாகவும் நடைமுறையில் சாத்தியமாகவும் இருந்தால் வைக்கலாம் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். பூர்வகுடி மக்களின் மொழிகளுக்கும் அந்த நிபந்தனை உண்டு, பாவம், அவர்கள் போராட்டம் நம்மைவிடக் கடினம். தமிழுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆக, டீச்சர் இல்லை என்பது தலைமையாசிரியர் சொல்லும் காரணம்தான். சட்டம் அந்தக் காரணத்தை எங்கேயும் சொல்லவில்லை.

அக்காவின் மகள் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னேன். நாற்பத்து மூன்று! ஒரு பெற்றோர்கூட எழுத்தில் கேட்டதில்லை. வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார்கள், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள், வந்துவிட்டார்கள். அமெரிக்கா டீச்சர் வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் கேட்கவில்லை, வந்தார். ஏனென்றால் ஒரு பிரதமர் இன்னோர் அதிபரிடம் கேட்டார், கோப்பு நகர்ந்தது. நமக்காகக் கேட்க வேண்டிய ம.இ.கா. அண்ணன்கள் அந்தச் சமயத்தில் எந்தக் கோயில் திருவிழாவில் மாலை வாங்கிக்கொண்டிருந்தார்களோ தெரியாது. பிறகு வந்த கூட்டணிகளையும் பார்த்துவிட்டோம்.

அன்று மாலையே என் அலுவலக மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். அக்காவும் பக்கத்துப் பிளாட்டில் இருந்த இருவரும் இரண்டு வாரம் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் வீடு வீடாக ஏறினார்கள். பத்தொன்பது கையெழுத்து வந்தது. நான்கு பேர் கடைசி நேரத்தில் பயந்து, பிள்ளைக்குப் பிரச்சினை வரும் என்று பின்வாங்கினார்கள். மிச்சம் சரியாகப் பதினைந்து. ஒன்று குறைந்திருந்தால் கதை அவ்வளவுதான். தலைமையாசிரியர் முதலில் வாங்க மறுத்தார். பதிவுத் தபாலில் அனுப்பினோம், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நகல் வைத்தோம். ஏழு வாரம் கழித்து, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வாரம் இரண்டு நாள் வர ஏற்பாடானது. வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில், பழைய கைவினைக் கூடத்தில். குறைதான். ஆனால் நடந்தது.

முதல் நாள் வகுப்பில் பின்வரிசையில் அந்த அமெரிக்கப் பெண்ணும் வந்து உட்கார்ந்தாராம். “டீச்சரும் அ, ஆ எழுதினாங்க அங்கிள், நான்தான் கையைப் பிடிச்சு ‘ழ’ போடச் சொல்லிக் குடுத்தேன்” என்றாள் அக்காவின் மகள். எட்டு வருஷம் இந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தும் பேசியும் வந்தவன் நான். பரிமாற்றம் என்ற சொல்லை முதல் தடவையாக நம்பியது அன்றுதான்.

உங்கள் பிள்ளை தேசியப் பள்ளியிலோ இடைநிலைப்பள்ளியிலோ படித்து அங்கே தமிழ் வகுப்பு இல்லை என்றால், இதைச் செய்யுங்கள். கடிதத்தைத் தலைமையாசிரியர் பெயருக்கு மலாயில் எழுதுங்கள். 1996 கல்விச் சட்டம், 2-ஆம் பிரிவு என்று குறிப்பிடுங்கள். ஒவ்வொரு பெற்றோரும் பெயர், அடையாளக் கார்டு எண், பிள்ளையின் பெயர், வகுப்பு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பதினைந்தோடு நிறுத்தாதீர்கள், இருபத்தைந்து வாங்குங்கள், பயந்து விலகுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். நேரில் கொடுத்தால் நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபால். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் மாநிலக் கல்வி இலாகாவுக்கும் ஒவ்வொரு நகல். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அந்த ரசீதையும் நகலையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். கட்டணம் கிடையாது.